பின்முற்றத்துச் சேம்பர்

ஜூன் 3, திங்கள்

மாநகராட்சி நோட்டீஸ் ஒரு வழியாக வந்துவிட்டது. பாதாளச் சாக்கடை நம் பகுதிக்கும் வந்தாயிற்று. செப்டிக் டேங்கை மூடிவிட்டு எல்லோரும் இணைப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்து நான்கு வருடம் தாலுகா அலுவலகத்தில் அடுத்தவனுக்கு நோட்டீஸ் அனுப்பியே ரிடையரானவன் நான். எனக்கே ஒன்று வந்ததும் முதலில் எழுத்துப்பிழைதான் பார்த்தேன். இரண்டு இருந்தன.

சிக்கல் என்னவென்றால், குழாய் பதித்திருப்பது பின்தெருவில். நம் வாசல் இருக்கும் மெயின் ரோடு நெடுஞ்சாலைக்காரர்களுடையது, அங்கே தோண்ட விடமாட்டார்கள். பின்தெருவுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அண்ணன் பெண்டாட்டி ஞானப்பூவின் வீடு. அப்பா காலத்தில் எல்லாம் ஒரே மனை. முன்பாதி எனக்கு, பின்பாதி அண்ணனுக்கு. அண்ணன் போய் நான்கு வருடமாகிறது, பிள்ளை கிடையாது. மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவளை, அப்பா தலைதலையாக அடித்துக்கொண்டும் கேளாமல், கட்டிக்கொண்டு வந்து நின்றான். பாதி மனை இப்போது அவள் கையில். நம் கழிவு வெளியே போக அவளுடைய சம்மதக் கடிதம் வேண்டுமாம். எல்லாம் தலைவிதி.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

கடிதத்தை நானே டைப் அடித்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனேன். அண்ணன் காரியத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "வாங்க தம்பி" என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடிதத்தை வாங்கியவள் படிக்கக்கூட இல்லை.

"எங்க போடணும் தம்பி?"

"வாசிச்சுப் பாருங்க மதினி. பைப்பு உங்க பக்கமா வரும். உங்க கக்கூஸையும் அதுலயே சேத்துரலாம்."

"நீங்க சொன்னாச் சரிதான். நம்ம வீட்டுக் காரியந்தான?"

நம்ம வீடாம். உரிமை கொண்டாடுவதைப் பார். கையெழுத்து மட்டும் குண்டுகுண்டாக நன்றாக இருந்தது. காப்பி நீட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டில் நான் கை நனைத்ததில்லை, இனியும் நனைப்பதாக இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

பிளம்பர் பேச்சிமுத்து வந்து நூல் பிடித்துப் பார்த்தான். வந்ததும் வராததுமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"வடசுவர ஒட்டி நேரா போயிரலாம் சார். ஒரு பெண்டு, வளைவு கிடையாது. வாட்டம் நல்லாக் கெடைக்கும், எல்லாம் வழுக்கிட்டுப் போயிரும்."

வடசுவரை ஒட்டிப் போனால் ஈசானிய மூலை, கிணற்றடி. அந்த மூலையில் ஒரு செருப்பைக்கூட விடமாட்டேன் நான். வாஸ்து பார்ப்பவரைப் போனில் கேட்டேன். பதறிவிட்டார் மனிதர். வடகிழக்கில் கழிவு ஓடினால் வீட்டின் மூத்த ஆணுக்கு ஆகாதாம். வீட்டின் மூத்த ஆண் இப்போது நான்தான்.

ஆகவே குழாய் தெற்கே திரும்பி, நம் கொல்லையைக் குறுக்கே கடந்து, மறுபடி கிழக்கே திரும்பி, பின்வீட்டு முற்றத்தின் நடுவே போகும். அவள் முற்றத்தில் மூடி போட்ட ஒரு சேம்பர் தொட்டி, அதிலிருந்து பின்தெரு மேன்ஹோல். காகிதத்தில் வரைந்தே கொடுத்தேன்.

"ரெண்டு பெண்டு வருது சார். வாட்டம் பத்தாது, அடிக்கடி அடைக்கும். அதுபோக அந்தம்மா கக்கூஸ் இந்த வழியிலதான நிக்கி? அத இடிக்கணும்."

"இடி. திரும்பக் கட்டினாப் போச்சு. நீ என்ன எஞ்சினீயரிங்கா படிச்சிருக்க?"

"படிக்கல சார். சாக்கடைக்குள்ள நின்னு பாத்திருக்கேன்."

வாய் ரொம்ப நீளம். வேறு ஆள் கிடைக்காததால் விட்டேன்.

ஜூன் 19, புதன்

பின்முற்றத்துக் கக்கூஸை இடித்தாயிற்று. அரை மணி நேர வேலை. அண்ணன் கட்டியது, அவ்வளவுதான் பலம். இடிப்பதற்கு முன்னால் அவள் உள்ளே இருந்த வாளியையும் மக்கையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள், ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

"பத்தே நாள் மதினி. புதுசா டைல்ஸ் போட்டே கட்டித் தாரேன்" என்றேன்.

"டைல்ஸெல்லாம் வேண்டாம் தம்பி. முட்டு மடங்க மாட்டேங்கு. உக்காருத மாதிரி ஒண்ணு வச்சுத் தந்தாப் போதும்."

பிச்சைக்காரனுக்கு அரிசிச் சோறு தந்தால் பாயசம் எங்கே என்பானாம். இருந்தாலும் சரி என்றேன்.

ஜூன் 20, வியாழன்

எலுமிச்சை ஊறுகாய் பூத்துவிட்டது. வீட்டுக்காரி சௌந்தரம் உப்பைக் குறைத்ததுதான் காரணம்.

ஜூன் 28, வெள்ளி

இணைப்பு கொடுத்தாயிற்று! நல்ல நேரம் பார்த்து, சௌந்தரம் சூடம் காட்ட, முதல் தண்ணீரை நானே இழுத்துவிட்டேன். என்ன வேகம், என்ன சத்தம். பெங்களூரிலிருந்து மகன் போனில் பார்த்துக் கை தட்டினான். செப்டிக் டேங்கை மண் போட்டு மூடி, மேலே குரோட்டன்ஸ் வைத்துவிட்டேன்.

மகன் இன்னொன்றும் சொன்னான். பின்பாதியும் சேர்ந்தால் மேலே இரண்டு மாடி எடுத்து, கீழே கார் நிறுத்தலாமாம். பையனுக்கு மூளை இருக்கிறது. கேட்டு வாங்குவது அநாகரிகம். அவளாகவே ஒரு முடிவுக்கு வரட்டும்.

ஜூலை 4, வியாழன்

பத்து நாள் ஆகிவிட்டது என்று நினைவுபடுத்த வந்தாள். கொத்தனார் கல்யாண வீடுகளில் அலைகிறான் என்றேன். பொய்யில்லை, அவன் ஒரு கல்யாணத்துக்குப் போனான். இப்போது பின்தெருவில் அவள் எதிர்வீட்டு மைதீன் பாத்துவின் கக்கூஸுக்குப் போய் வருகிறாளாம். பிறகென்ன அவசரம்?

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது கட்டட வேலை தொடங்குவார்களா? இதைச் சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. "நாலு சுவர்தான தம்பி" என்கிறாள். அவள் வேதத்தில் ஆடி இல்லாமல் இருக்கலாம், நம் மனையில் உண்டு.

மைதீன் பாத்துவின் மருமகன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறானாம். வீட்டில் ஆம்பிளை இருப்பதால் அவன் எழுவதற்கு முன் விடியலில் ஒரு தடவை மட்டும் போகிறாளாம். சௌந்தரம்தான் ஒப்பாரி வைத்தாள்: "ஏங்க, பாவம் அவுக. ஒரு நாளைக்கு ஒரு தடவன்னா மனுஷி என்ன செய்வா? நம்ம பின்கதவத் தொறந்து வச்சா என்ன?"

நான் கல்நெஞ்சன் இல்லை. நம் வீட்டுக்குத் தாராளமாக வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்கதவைத் திறந்து வைக்க முடியாது, திருட்டுப் பயம். தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வரட்டும். அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. முட்டுவலிக்கு நடப்பது நல்லது.

ஜூலை 28, ஞாயிறு

மகனுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள் வந்திருந்தார்கள், எட்டுப் பேர். ஆடியில் கல்யாணப் பேச்சுக் கூடாது, சும்மா வீடு பார்க்கத்தான். கேசரி, உளுந்த வடை. ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து முன்வாசலில் ஞானப்பூ. வேர்த்து வழிந்துகொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் வராதவள் இன்றைக்கென்று வந்திருக்கிறாள்.

"என்ன மதினி, பாத்ரூமா? அவசரமா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி. சும்மா சௌந்தரத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனாள். மெதுவாக, காலைச் சேர்த்துச் சேர்த்து வைத்து நடந்தாள். வேண்டும் என்றால் கேட்டிருக்கலாமே? நான் என்ன மறுத்தேனா?

மனசு ஒரு மாதிரி இருந்தது. மத்தியான மாத்திரை போட மறந்ததுதான் காரணம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தினமும் விடிந்ததும் பின்முற்றத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம். இன்று எண்ணினேன், ஐந்து குடம். கக்கூஸே இல்லாதவளுக்கு எதற்கு ஐந்து குடம்? மோட்டார் என்னுடையது, கரண்ட் என்னுடையது. பின்வீட்டுக்குப் போகும் குழாயின் வால்வைப் பாதிக்கு மேல் மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சத்தம் நிற்கவில்லை. தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்து ஊற்றுகிறாள் என்று சௌந்தரம் சொல்கிறாள். முட்டுவலி என்றதெல்லாம் நடிப்பு.

ஆகஸ்ட் 21, புதன்

ஆவணி பிறந்ததும் வந்து நின்றுவிட்டாள். நாள் எண்ணிக்கொண்டே இருப்பாள் போலிருக்கிறது. இன்று கொஞ்சம் மனம்விட்டுப் பேசினேன்.

"தனியா எதுக்கு மதினி இந்த வயசுல கஷ்டம்? உங்க சபையிலேயே முதியோர் இல்லம் இருக்கே. கக்கூஸ் கட்டிலுக்குப் பக்கத்துலயே இருக்கும். இந்த இடத்த நான் பாத்துக்கிடுதேன். விடுதலைப் பத்திரம் எழுதி வச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"அவுக இருந்த வீடு தம்பி. அவுக மூச்சு போன கட்டில் அங்கதான கெடக்கு" என்றாள். பிறகு, "கக்கூஸ் எப்பம் தம்பி ஆரம்பிப்பாங்க?" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். பிடிவாதக்காரி. அண்ணனையும் இப்படித்தான் மடக்கியிருப்பாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பூக்காரி வரவில்லை. செம்பருத்தியை வைத்துப் பூஜை.

சௌந்தரம் எனக்குத் தெரியாமல் வேலிப்பக்கமாகப் பின்வீட்டுக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள். ஞானப்பூ வேண்டாம் என்றுவிட்டாளாம். மோர் கொடுத்தாளாம், அதுவும் வேண்டாமாம். "ஒரு நாளைக்கு அரைச் செம்புத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்களாங்க. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு" என்று என்னிடம் வந்து அழுகிறாள். நம் வீட்டுக் காப்பி வேண்டாமென்றால் அது திமிர். அழ என்ன இருக்கிறது?

செப்டம்பர் 14, சனி

வாக்கிங்கில் ஓய்வுபெற்ற வாத்தியார் நமச்சிவாயத்தைப் பார்த்தேன். இணைப்பு கொடுத்த நாளிலிருந்து அவர் வீட்டில் மூன்று முறை அடைப்பாம், கூடம் வரைக்கும் வந்துவிட்டதாம். நம் வீட்டில் இரண்டரை மாதமாக ஒரு முறைகூட இல்லை என்றேன். "அதெப்படி?" என்றார். எல்லாம் ஈசானியத்தைச் சுத்தமாக வைத்திருப்பதன் பலன் என்று விளக்கினேன். பேச்சிமுத்துவை வழியில் பார்த்தபோதும், "எங்கடே உன் அடைப்பு?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். நெடுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் பின்தெருவில் கூச்சல். ஞானப்பூ முற்றத்தில் மயங்கி விழுந்து கிடந்திருக்கிறாள். மைதீன் பாத்துவும் அவள் மருமகனும் ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சொந்தக்காரன் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டதால் நானும் போகவேண்டியதாயிற்று. சிறுநீரில் கிருமி சேர்ந்து கிட்னி வரைக்கும் போய்விட்டதாம். டாக்டர் சின்னப் பெண். "மாசக்கணக்கா தண்ணியே குடிக்காம இருந்திருக்காங்க. அடக்கி அடக்கி வச்சிருக்காங்க. வீட்டுல டாய்லெட் இல்லையா சார்?" என்று கேட்டாள்.

வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

செப்டம்பர் 25, புதன்

பின்வீடு பூட்டாமல் கிடந்தது. மகன் கேட்டபடி முற்றத்தை அளக்கப் போனேன். நெடுக்கே முப்பத்தொரு அடி. தாராளமாக இரண்டு கார் நிற்கும்.

சேம்பர் மூடி பாதி திறந்து கிடக்கிறது! பக்கத்தில் கம்பு மாதிரி நீளமாக ஒரு மூங்கில் பிளாச்சு, இரண்டு குடம், ஒரு பழைய துணி. நாற்றம். இப்படித் திறந்து போட்டால் கொசு வராமல் என்ன செய்யும்? பொறுப்பில்லாதவள். பிளாச்சைச் சுவருக்கு அப்பால் வீசிவிட்டு, கொத்தனாரை வரச் சொல்லி, மூடியைச் சுற்றிச் சிமென்ட் வைத்து இறுகப் பூசிவிட்டேன். கொத்தனார் கூப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வந்தான்.

செப்டம்பர் 26, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் பத்திரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன். இந்த நிலைமையில் ஏதாவது ஆகிவிட்டால் பிறகு கோர்ட், வாரிசு என்று அலைய முடியாது. கையில் ஊசி குத்தியிருந்தது, விரல்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். காலையில அந்தச் சேம்பர..."

"அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன் மதினி. ரெஸ்ட் எடுங்க. இதுல ஒரு கையெழுத்து."

பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கீழே விழுந்துவிட்டது. "வெரலு மடங்கலை. சொகமானதும் போட்டுத் தாரேன் தம்பி" என்றாள். போடுகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டாள், அதுவே பெரிய விஷயம். பக்கத்துக் கட்டில்காரியைச் சாட்சி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, சனி

காலையில் கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிட்டால் இறங்கவில்லை. குடுகுடுவென்று மேலே வந்து சத்தம் போடுகிறது. புரட்டாசிச் சனி வேறு. சௌந்தரம் பெருமாளுக்குத் தளிகை போடக் குளிக்க வேண்டும் என்று நிற்கிறாள். ஆசிட் ஊற்றியிருக்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எழுதவே கூசுகிறது. காலை ஏழு மணிக்கு இரண்டு கக்கூஸும் ஒரே நேரத்தில் பொங்கிவிட்டன. பாத்ரூம் நிறைந்து, ஹாலுக்கு வந்து, பூஜையறை வாசற்படியைத் தாண்டிவிட்டது. நான் வாளியோடு நின்றேன். நான்! குத்துவிளக்கின் பாதம் வரைக்கும் வந்துவிட்டது. சௌந்தரம் சாமி படங்களைத் தலையில் சுமந்துகொண்டு மெயின் ரோட்டில் நிற்கிறாள். பார்க்காத ஆள் பாக்கியில்லை.

பேச்சிமுத்துவைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். வந்தவன் நேரே பின்முற்றத்துக்குப் போய்ச் சிமென்ட்டைப் பார்த்துவிட்டு, "இத யாரு பூசுனது?" என்றான். நான்தான் என்றேன். உளியை எடுத்து உடைத்தான். மூடி கிளம்பியதும் அங்கேயும் பொங்கி முற்றமெல்லாம் ஓடியது. சேம்பரைத் தாண்டின குழாயில் நாள்பட்டுக் கட்டியாக இறுகியிருக்கிறதாம்.

"அப்போ இவ்வளவு நாள் எப்படி அடைக்கல?" என்று கேட்டேன்.

எதிர்வீட்டுப் படியில் நின்ற மைதீன் பாத்துதான் பதில் சொன்னாள். தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"எப்படி அடைக்கும்? தெனம் வெளிச்சம் வந்ததும் ஒம்ம மதினி மூடியத் தொறந்து, பிளாச்ச விட்டுக் குத்தி, அஞ்சு கொடம் தண்ணி ஊத்தித் தள்ளிவிடுவா. மொத வாரமே அவ முத்தத்துலதான் பொங்குச்சு. ஒம்ம வீட்டுப் பீய மூணு மாசம் அவதான் தள்ளுனா. வெளிய போக எடமில்லாம தான் குடிக்காத தண்ணிய, ஒம்ம பைப்புல ஊத்துனா. அண்ணைக்கும் பிளாச்சப் பிடிச்ச கையோடதான விழுந்து கெடந்தா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். 'பைப்பு சரியில்லன்னு சொன்னா தம்பிக்குக் கோவம் வந்துரும், கக்கூஸ் கட்டித் தாரத நிறுத்திருவாக'ன்னு சொன்னா. நீரு கட்டித் தருவீருன்னு நம்பிக்கிட்டு இருந்தா அண்ணாச்சி."

பேச்சிமுத்து ஒரு முறை குத்திவிட்டுக் கையைக் கழுவிவிட்டான். "இது ரெண்டு நாள் தாங்கும். வடபக்கமா நேரா மாத்துங்க. இல்லன்னா தெனம் ஒரு ஆள் நின்னு குத்தணும். என்னக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சுவருக்கு அப்பால் போய் அந்தப் பிளாச்சைத் தேடினேன். யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செப்டம்பர் 30, திங்கள்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வீடு முழுக்க டெட்டால். சௌந்தரம் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று காலையில் மட்டும், "வடபக்கமா மாத்திட்டு, அவுகளுக்கும் ஒரு கக்கூஸக் கட்டிக் குடுத்துருங்க. ஒங்களக் கும்பிடுதேன்" என்றாள். ஈசானிய மூலையிலா? என் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் கட்டின பெண்டாட்டியே சொல்கிறாள்.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். மதினி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். எத்தனையோ பேருடைய மலப்பாத்திரம் எடுத்த கை. அவர்களுக்கு இதில் அருவருப்பு இருக்காது. மூன்று மாதம் ஒரு சொல் சொல்லாமல் செய்திருக்கிறார்கள் என்றால் குடும்பத்தின் மேல் இருக்கும் பாசம்தானே? இப்படிப்பட்டவர்களை நான் முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் பார்த்தேனே என்று வருத்தமாக இருந்தது. பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மதினி அந்த வீட்டிலேயே இருக்கட்டும். கார் ரோட்டிலேயே நிற்கட்டும்.

டாக்டர்ப் பெண்ணுக்குப் போன் செய்தேன். இன்னும் பத்து நாளாவது இருக்க வேண்டும், காய்ச்சல் விடவில்லை, இப்போது எழுந்து நடக்கவே கூடாது என்கிறாள். சின்னப் பெண்தானே, புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறாள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடாக மருந்து உண்டா? சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். நான் போடாத கையெழுத்தா?

பின்வீட்டு வால்வை முழுக்கத் திறந்துவிட்டேன். கக்கூஸ் விஷயம் புரட்டாசி கழியட்டும், ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நாளை காலை எட்டு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். மதினியை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் மூங்கில் கடையில் ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும்.